குச்சி பிடிப்பது பற்றி ஒரு புகார்

1

இந்தக் கதை ஒரு புகாராகத்தான் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், கலையின்மேல் கொண்ட காதலால் எழுதினேன் என்று யாராவது பாராட்டித் தொலைப்பார்கள்.

தென் கொரியாவில், மொக்போ துறைமுகத்துக்குப் பின்னால், ஓர் இசைப் பள்ளியின் மேல்மாடியில் குடியிருக்கிறேன். வீட்டைக் காட்டிய தரகர் என்னைக் காலையில் கூட்டிவந்தார். பள்ளி மதியத்துக்கு மேல்தான் திறக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பியானோவுக்குப் பழகிவிட்டேன். சுருதி சேராமல் பாடும் பிள்ளைகளுக்கும் பழகிவிட்டேன். பழக முடியாதது ஒன்றுதான். மதியச் சாப்பாடு முடிந்து நான் எழுத உட்காரும் நேரத்தில், என் நாற்காலிக்கு நேர் கீழே, ரப்பர் தட்டின்மேல் ஒரு குச்சி விழும்.

டக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமிருக்காது.

டக்.

வேகமாக அடித்தால் அது வெறும் சத்தம், காதை மூடிக்கொள்ளலாம். இது அடுத்தது எப்போது விழும் என்று என்னைக் காத்திருக்க வைத்தது. அப்போது எழுதிக்கொண்டிருந்த நாவலில் ஒரு வாக்கியம்கூட அந்த இரண்டு டக்குகளுக்கு நடுவே முடியமாட்டேன் என்றது.

சண்டைக்கு வேண்டிய சொற்களை அடுக்கிக்கொண்டு ஒருநாள் கீழே இறங்கினேன். பெட்டி போன்ற ஒரு சின்ன அறை. உள்ளே அறுபதை நெருங்கும் ஒருவர், ஜிகினா பொத்தான் வைத்த ஊதா நிறக் கோட்டு போட்டுக்கொண்டு, எதிரே இருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குச்சி. அதைத் தூக்கினார், விட்டார். அது விழுந்து, தானாகத் துள்ளி, மேலே வந்தது. அதை அவர் சந்தேகத்தோடு பார்த்தார்.

"மேல் வீடா?" என்றார் திரும்பாமலே.

"ஆமா."

"சத்தம் ஜாஸ்தியா இருக்கா?"

"ஜாஸ்தியா இருந்தாத்தான் பரவால்லியே. ஏன் இப்பிடி நிறுத்தி நிறுத்தி அடிக்கிறீங்க?"

"கத்துக்கறேன்." பிறகு, கையும் களவுமாகப் பிடிபட்டவர்போலச் சொன்னார். "கல்யாணத்துக்கு முந்தியிலேருந்து டிரம்முதான் என் பொழப்பு. இப்பத்தான் கத்துக்கறேன்."

அவர் பெயர் மோ பில்கு. நான் மேலே போய் நாவலை மூடி வைத்துவிட்டு, வேறொரு தாளில் அந்தப் பெயரை எழுதினேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "குளிர்காலத்தின் ஒரு பிற்பகலில் பில்குவின் வலது கை அவருக்குத் துரோகம்—"

வேண்டாம். கை துரோகம் செய்யவில்லை. அது இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டது. பொறுத்துக்கொண்டவர்மேல் பழி போட்டுக் கதை தொடங்குவது குடும்பத்தில் நடக்கலாம், இங்கே வேண்டாம்.

இரண்டாம் முயற்சி: "பகல் நடனக் கூடத்தில் டிரம் குச்சி பறந்தது. காலடியில் உருண்டு வந்த அதை மிதித்த முதியவர் மல்லாந்து விழ, இடுப்பெலும்பு உடையும் ஓசை பாட்டையும் மீறி—"

இதைப் பில்குவிடம் படித்துக் காட்டினேன். (தமிழில் எழுதியதை அவர் மொழியில் சொல்லிக் காட்டினேன் என்று திருத்திக்கொள்ளுங்கள். அவருக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே என்னைப் பார்த்த பிறகுதான் தெரியும்.)

"எழுத்தாளரே, செவனேன்னு இருந்த மனுசன் இடுப்ப எதுக்கு ஒடைக்கிறீங்க?"

"கதைக்கு ஒரு அதிர்ச்சி வேணும்ல."

"அப்ப ஒங்க இடுப்ப ஒடைச்சுக்குங்க. அவரு விழவே இல்ல. கூட ஆடுன அம்மா இழுத்துப் புடிச்சுட்டாங்க. ஒக்காந்து ஒரு டம்ளர் ப்ளம் ஜூஸ் குடிச்சாரு, அடுத்த பாட்டுக்கு எந்திரிச்சிட்டாரு."

ஆகவே, நடந்தது நடந்தபடி.

மீன் சந்தையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மாடியில் பகல் நடனக் கூடம் இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறவர்கள், துணையைப் பறிகொடுத்தவர்கள், துணையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிறவர்கள் என்று எல்லோரும் வெளிச்சம் இருக்கும்போதே ஆடிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். கூடத்தை நடத்தும் கில்ஜா அக்காதான் கீபோர்டு வாசித்துப் பாடுவார். டிரம் பில்கு.

குளிர் தொடங்கியதிலிருந்தே மணிக்கட்டில் வலி. பிளாஸ்திரி போட்டு, ஊதாக் கோட்டின் கையை இழுத்துவிட்டு மறைத்தார். அன்று ஒரு வேகப் பாட்டின் கடைசியில் விரல்கள் மரத்துப்போய், குச்சி நழுவிப் பறந்து, ஆடுகிறவர்களுக்கு நடுவே உருண்டது. மற்றது உங்களுக்குத் தெரியும்.

கில்ஜா பாட்டை முடித்தார். யாரையும் திட்டவில்லை. கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினார். அதற்குள்ளிருந்து டிரம் சத்தம் தானாக வந்தது.

"கை சரியாகட்டும் தம்பி. அதுவரைக்கும் இது ஓடட்டும்."

(அதுவரைக்கும் என்ற சொல்லைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். எழுதப்போவதில்லை. வேலை இழந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.)

3

மருத்துவர் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்து, தசைநார் வீங்கியிருக்கிறது என்றார். ஓய்வு எடுக்கச் சொன்னார். பில்கு ஓய்வெடுத்தார். வலி நின்றது. குச்சியை எடுத்தார். வலி வந்தது. மறுபடி போனபோது மருத்துவர் சொன்னார்: "ஒண்ணு விட்டுடுங்க, இல்லேன்னா வேற மாதிரி அடிங்க."

வேற மாதிரி என்றால் எந்த மாதிரி என்று அவருக்குத் தெரியவில்லை. இளவயதில், ஒரு விடுதியில் டிரம் வாசிப்பவன் வராமல்போன நாளில், மேசை துடைத்துக்கொண்டிருந்த இவரை ஏற்றி உட்காரவைத்தார்கள். மைக் இல்லாத மேடை. கேட்க வேண்டுமானால் ஓங்கி அடிக்க வேண்டும், ஓங்கி அடிக்க இறுக்கிப் பிடிக்க வேண்டும். அன்று பிடித்த பிடிதான்.

இசைப் பள்ளியில் டிரம் சொல்லித்தரும் சின் தான்பிக்கு அவர் மகள் வயது. முதல் நாள் அவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் வந்து நின்று, சொல்லாமல் கொள்ளாமல் குச்சியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். நாற்காலியோடு அவர்தான் வந்தார்.

"ஐயா, குச்சி என்ன திருட்டுப் பயலா? இப்பிடிக் கழுத்தப் புடிக்கிறீங்க?"

"விட்டா ஓடிருமே டீச்சர்."

"ஓடட்டும். எங்க போகும்? கீழ விழும், எடுத்துக்கலாம். ஒங்க கையில வர்ற ஒவ்வொரு அடியோட அதிர்வும் குச்சியில நிக்காம மணிக்கட்டுக்கு ஏறுது. குச்சி தானா துள்ளும். அத நீங்க துள்ள விடமாட்டேங்கறீங்க."

பிறகு அவள் சொன்னதுதான் என் மதியங்களைக் கெடுத்தது. "கொஞ்ச காலத்துக்குப் பாட்டு கிடையாது. டிரம் செட்டு பக்கம் போகக் கூடாது. இந்த ரப்பர் தட்டுல ஒரு அடி. அது மேல வர்றதப் பாருங்க. வந்தப்புறம் அடுத்த அடி. தினமும்."

"தினமும் இது ஒண்ணுதானா?"

"நாளைக்கும் இதுதான்."

4

இங்கே ஒரு பயிற்சிக் காட்சி வரவேண்டும். படமாக இருந்தால் ஒரு பாட்டைப் போட்டு, பாட்டு முடிவதற்குள் ஆளை வித்வானாக்கிவிடுவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. பயிற்சி என்பது நேற்று செய்ததையே இன்றும் செய்வது. அதை எப்படி எழுதுவது? நேற்று எழுதியதையே இன்றும் எழுதினால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். ஆகவே சுருக்கமாக, ஆனால் பொய் சொல்லாமல்.

முதலில் குச்சி நழுவிக்கொண்டே இருந்தது. பில்கு குனிந்து குனிந்து எடுத்தார், இடுப்பு வலித்தது. பிறகு நழுவுவது குறைந்தது, உடனே பழைய இறுக்கம் திரும்பியது. தான்பி வந்து இழுத்துப் பார்ப்பாள், முறைப்பாள். இடது கை சீக்கிரம் படித்துக்கொண்டது. அதை அவர் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை, அதனால் அதற்குக் கெட்ட பழக்கம் குறைவு. வலது கைதான் எல்லாம் தெரிந்த மாப்பிள்ளை மாதிரி அடங்க மறுத்தது. சில நாள் நன்றாக வந்தது. மறுநாள் அது எங்கே போனதென்றே தெரியவில்லை. வீட்டில் தலையணைமேல் அடித்துப் பழகினார். தலையணை எதையும் திருப்பித் தராது, தூக்குவது முழுக்கக் கையின் வேலை. அலுப்பாக இருந்தது என்று எழுதினால் அவர் ஆட்சேபிக்கிறார்.

"அலுப்பு மொதல்ல இருந்துச்சு. அப்புறம் அதுவும் போரடிச்சுப் போயிருச்சு."

(இது நான் எழுதியதைவிட நல்ல வாக்கியம். அதனால் வைத்துக்கொண்டேன்.)

வலி குறைந்ததா? குறைந்தது. எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. ஒருநாள் பல் தேய்க்கும்போதுதான் கவனித்தார்.

ஒன்றை விட்டுவிட்டேன். இத்தனையும் அவர் மனைவி யோன்சிமுக்குத் தெரியாது. தினமும் வழக்கம்போல ஊதாக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கூடத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, இங்கே வந்து உட்கார்ந்தார். தலையணை அடியும் அவள் கடையிலிருந்து திரும்புவதற்கு முன்பே முடிந்துவிடும்.

5

யோன்சிம் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறாள். ஒருநாள் மாலை சாப்பிட உட்கார்ந்ததும், தட்டிலிருந்த மீனைப் பிய்த்து, முள் நீக்கி, நல்ல பாகத்தை எடுத்து அவர் சோற்றின்மேல் வைத்தாள். பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் தவிர அவள் அப்படிச் செய்வதில்லை.

"என்ன விசேஷம்?" என்றார் பில்கு.

"ஒங்க கூடத்துக்கு வர்ற அம்மா ஒருத்தங்க இன்னிக்கிக் கடைக்கு வந்தாங்க. ஒங்கள ஒரேயடியாப் புகழ்ந்துட்டுப் போறாங்க."

"என்னையா?"

"இப்பல்லாம் தாளம் அவ்வளவு நல்லா இருக்காம். முன்னாடி பாட்டு ஏற ஏற டிரம் ஓடுமாம், இவங்க பின்னாடியே மூச்சு வாங்க ஓடுவாங்களாம். இப்ப கால் தானா விழுதாம். முட்டி வலிகூடக் கொறைஞ்சிருச்சாம்." அவள் இன்னொரு துண்டை வைத்தாள். "நான் சொன்னேன், வயசாக ஆகத்தான் மனுசனுக்கு நிதானம் வருதுன்னு."

கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்தது பட்டன்.

பில்கு சோற்றைப் பார்த்தார். மீன் துண்டைப் பார்த்தார்.

"அப்பிடியா," என்றார்.

"சாப்பிடுங்க. ஆறிடும்."

சாப்பிட்டார். பிறருக்குச் சேர வேண்டிய மீன் தொண்டையில் இறங்குவது எப்படி இருக்கும் என்று இங்கே நான் ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். இறங்கியது, அவ்வளவுதான்.

6

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். யோன்சிமுக்கு உண்மையாகவே தெரியாதா?

கதையை எழுதிக்கொண்டிருந்தபோது, கருவாடு வாங்கும் சாக்கில் அவள் கடைக்குப் போனேன்.

"நீங்கதான் அவரப் பத்தி எழுதறவங்களா?" என்றாள். "கருவாட்டு வாசம் வருமா அதுல?"

"வரும்."

"அப்ப சரி."

அன்று சாப்பாட்டின்போது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்டேன். வைக்கோல் கயிற்றில் மீன்களைக் கோத்துக் கட்டிக்கொண்டே பேசினாள்.

"தெனமும் கோட்ட நாந்தான தொவைக்கிறேன். ஆடறவங்க கூட்டத்துல ஒக்காந்து டிரம் அடிச்ச மனுசன் கோட்டுல வேர்வ இருக்குமா இருக்காதா?" அப்புறம் கயிற்றை இறுக்கிவிட்டு, "தெரியாதுன்னே எழுதிக்குங்க. தெரியும்னா அவரு பாவம்" என்றாள்.

தெரிந்திருந்தால், அந்தப் பாராட்டை அப்படியே கொண்டுவந்து சோற்றின்மேல் வைத்தது ஆறுதலுக்கா, குத்திக்காட்டவா? எனக்குத் தெரியவில்லை. ஒரு பாத்திரத்தின் மனசுக்குள் நுழைவது எழுத்தாளரின் உரிமை என்பார்கள். அந்தக் கடையில் நின்று அவள் முகத்தைப் பார்த்த பிறகு, எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. கருவாட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

7

மீன் இறங்கிய மறுநாள் பில்கு இசைப் பள்ளிக்குப் போகவில்லை. நேராக நடனக் கூடத்துக்குப் போய், கோட்டு கழற்றி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அவர் அதுவரை அந்தக் கூடத்தை மேடையிலிருந்துதான் பார்த்திருந்தார்.

யாருக்கும் அவர் இல்லாதது ஒரு குறையாகத் தெரியவில்லை. இப்படி எழுதும்போது மனசு உறுத்துகிறது. யாராவது ஒரு தாத்தாவாவது வந்து 'நீ இல்லாம வெறிச்சோடிக் கிடக்குப்பா' என்று சொல்லக்கூடாதா? யாரும் சொல்லவில்லை. மெஷின் ஓடியது, ஜோடிகள் சுற்றின. பில்கு காதைக் கொடுத்துக் கேட்டார். அந்த அம்மா சொன்னது சரிதான். பாட்டு உச்சத்துக்கு ஏறும் இடத்தில் அவர் விரல்கள் தொடையில் ஓட ஆரம்பித்தன, மெஷின் வேகத்தைக் கூட்டவில்லை. இத்தனை வருடமும் இத்தனை முட்டிகளை அவர் விரட்டியிருக்கிறார்.

பாட்டு முடிந்ததும் கில்ஜா அவரைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, கை எப்படி?"

"வந்துக்கிட்டே இருக்குக்கா."

"வரட்டும், வரட்டும்," என்று சொல்லிவிட்டு, கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

அங்கிருந்து படியிறங்கி, பில்கு நேராகக் கருவாட்டுக் கடைக்குப் போனார்.

"அந்த அம்மா புகழ்ந்தது என்னையில்ல," என்றார். "நான் அங்க வாசிச்சே ரொம்ப நாளாச்சு."

யோன்சிம் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். "அப்ப தெனமும் கோட்டப் போட்டுக்கிட்டு எங்க போறீங்க?"

"டிரம் கத்துக்க."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்துக் கடைக்காரி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். "ஏங்க, கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கப்பாகிட்ட டிரம்மர்னு சொல்லித்தான பொண்ணு கேட்டீங்க? அவரு போய்ச் சேர்ந்தப்புறம் கத்துக்கறீங்களா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"சரி, கத்துக்கிட்டதக் காட்டுங்க."

கவிழ்த்த மீன் பெட்டியின்மேல் அவர் அடித்துக் காட்டினார். குச்சிகள் விழுந்தன, துள்ளின, விழுந்தன. வலது எது, இடது எது என்று தெரியாத அளவுக்கு ஒன்றுபோல இருந்தன. யோன்சிம் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள்.

"கொழந்தையத் தூங்கவைக்கத் தட்டுற மாதிரி இருக்கு," என்றாள். "இதுக்கு யாரு ஆடுவா?" பிறகு பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நிறுத்தாதீங்க."

8

மே மாதம் பெற்றோர் தினத்துக்குக் கூடத்தில் சிறப்பு ஆட்டம். வெளியூர்ப் பாடகி ஒருத்தி வருவதாக இருந்தது. அவளுக்கு மெஷின் ஒத்துவராதாம், ஆள்தான் வாசிக்க வேண்டுமாம். கில்ஜா பில்குவை அழைத்தார்.

தான்பிக்கு இது பிடிக்கவில்லை. "ஐயா, இப்ப வேணாம். புதுப் பிடி இன்னும் ஒட்டல. கூட்டம் கத்துனா பழைய கை எந்திரிச்சி வந்துரும். இலையுதிர் காலம் வரைக்கும் பொறுங்க."

"கூப்பிட்டது இப்ப டீச்சர். இலையுதிர் காலத்துல கூப்பிடுவாங்களா?"

"போறதா இருந்தா ஒண்ணு. கை இறுகுதுன்னு தெரிஞ்சா சத்தத்தக் கொறைங்க. கூட்டாதீங்க. அடங்கலேன்னா குச்சியக் கீழ வெச்சிருங்க. அதுல அவமானம் ஒண்ணுமில்ல."

நானும் போனேன். வந்தவர்கள் சட்டைகளில் எல்லாம், அந்த நாளின் வழக்கப்படி, பிள்ளைகள் குத்திவிட்ட சிவப்புக் கார்னேஷன் பூ. மேடையில் பில்கு ஊதாக் கோட்டில். முதல் இரண்டு பாட்டும் மெதுவானவை, பயமில்லாமல் போயின. மூன்றாவது வேகம். பாடகி கையைத் தட்டினாள், கூட்டமும் தட்டியது, பாட்டு உச்சத்துக்கு ஏறியது. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் மூடுவது தெரிந்தது. கணுக்கள் வெளுத்தன. பழைய ஆள் வந்துவிட்டார்.

அப்போது சத்தம் குறைந்தது. அவர் ஓங்கி அடிப்பதை விட்டு, குச்சியை டிரம்மின்மேல் தானாக விழவும் துள்ளவும் விட்டார். பாதிச் சத்தத்தில், அதே வேகத்தில், ஓடாமல். பாடகி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், குரலை இறக்கி அவரோடு சேர்ந்துகொண்டாள். கைதட்டல் நின்று, தரையில் காலணிகள் உரசும் ஓசை கேட்டது. விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆடிக்கொண்டிருந்த ஒருவர்கூட மேடையைப் பார்க்கவில்லை. தங்கள் துணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதுதான் வெற்றி என்று எழுதி, கதையை இங்கே முடிக்க நினைத்தேன். தலைப்பும் தயார். ஆனால் இடைவேளை வந்தது.

கில்ஜா இடைவேளைக்குப் பட்டனை அழுத்திவிட்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. "தம்பி, அடுத்த சுற்று ஆரம்பிக்கும்போது ஏறிடு. இன்னிக்கி மட்டுமில்ல. நாளையிலேருந்து தெனமும் நீதான். நீ ஏறினதும் இத நிறுத்திடறேன்."

மேடையிலிருந்து இறங்கிய பில்கு பதில் சொல்ல வாயெடுத்தார். எதிரே யோன்சிம் நின்றாள். கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். உதட்டில் சாயம், காலில் குதி வைத்த புதுச் செருப்பு.

"இந்தப் படிக்குக் கீழதான் என் கட," என்றாள். "இத்தன வருஷத்துல ஒரு நாளாச்சும் நான் ஆட வந்திருக்கனா?"

"ஒனக்குப் புடிக்காதுன்னு நெனச்சேன்."

"புடிக்கும். வந்து யாரோட ஆடறது? நீங்க மேல ஒக்காந்து ஊரையே ஆட வெச்சிட்டிருப்பீங்க." அவள் கையை நீட்டினாள். "இப்பத்தான் அந்தப் பட்டன் நல்லா வாசிக்குதே."

அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும், நான் அங்கேதான் இருந்தேன். உங்களிடம் சொல்லப்போவதில்லை.

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். மேடைக்கு ஏற்றினால், அவர் தன் வாழ்நாளிலேயே மிக நன்றாக வாசிக்கிறார். யோன்சிம் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து காலால் தாளம் போடுகிறாள், கோபப்படுவதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தரைக்கு இறக்கினால், ஆயுள் முழுக்கத் தாளத்தோடு வாழ்ந்த மனிதர் முதல் சுற்றிலேயே மனைவியின் காலை மிதிக்கிறார், நாளை முதல் அவருக்கு வேலையில்லை.

எதை வைக்கட்டும் என்று பில்குவிடமே கேட்டேன்.

"நடந்தத எழுதாதீங்க," என்றார். "படிக்கிறவங்களக் கேளுங்க. அவங்கவங்களுக்கும் ஒரு வேல இருக்கும், வீட்டுல ஒரு ஆளு காத்துக்கிட்டு இருக்கும். அவங்களுக்குத் தெரியும்."

ஆகவே கேட்கிறேன். கீபோர்டுக்குத் திரும்பிவிட்ட கில்ஜாவின் விரல் பட்டன்மேல் இருக்கிறது. பில்குவின் கோட்டுப் பையில் இரண்டு குச்சிகள். யோன்சிமின் கை நீட்டியபடியே இருக்கிறது.

சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அந்தப் புதுச் செருப்பு நிற்க நிற்கக் கடிக்கிறதாம்.